முதுகு காட்டிய நான்கு நிமிடம்

ஏப்ரல் 6

அன்புள்ள தங்கைக்கு,

இக்கடிதத்தில் ஐந்து விஷயங்கள் உள்ளன. வரிசை போடாமல் எழுத எனக்குக் கை ஓடாது என்பது உனக்குத் தெரியும். ஆகவே முதலிலேயே பட்டியலிட்டு விடுகிறேன்.

1. சென்ற ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் உன்னைப் பார்த்தேன்.
2. பார்த்ததை அறிக்கையில் எழுதியிருக்கிறேன்.
3. அதனால் உனக்கும் உங்கள் அணிக்கும் என்ன வரக்கூடும் என்பது.
4. நீ செய்ய வேண்டியது.
5. உன் இடத்தில் வேறு யார் இருந்திருந்தாலும் இதையேதான் எழுதியிருப்பேன்.

முதல் விஷயம். நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைந்து ஓய்வு பெற்ற பிறகு, பன்னிரண்டு ஆண்டுகளாக எங்கள் நாட்டுக் கால்பந்து சங்கத்துக்குப் பார்வையாளர் நடத்தைக் கண்காணிப்பாளனாக இருக்கிறேன். ஒரு மடக்கு நாற்காலி, பைனாகுலர், ஸ்டாப் வாட்ச், கழுத்தில் ஓர் அட்டை. ஆட்டத்தை நான் பார்ப்பதில்லை. ஆட்டம் பார்ப்பவர்களைப் பார்க்கிறேன். கைதட்டக் கூட எங்களுக்கு அனுமதி கிடையாது. அன்று ஆட்டம் உங்கள் நாட்டுடன். விருந்தாளிகளுக்கான வடக்குக் கேலரியில் உங்கள் நாட்டவர் ஆயிரத்து இருநூறு பேர் நெருக்கியடித்து நின்றார்கள். முன் வரிசையில் சிவப்புத் தொப்பியுடன் மேளம் அடித்துக்கொண்டிருந்த பெண்மணியைப் பார்த்து லென்ஸைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். நமக்குள் கடிதம் நின்றே பதினோரு ஆண்டுகள் ஆகிவிட்டன. இருந்தாலும் அந்தத் தோளைத் தெரியாதா?

இரண்டாவது. இருபத்தோராம் நிமிடத்தில், இவ்வாண்டு மறைந்த எங்கள் கோல்கீப்பருக்காக மைதானம் முழுவதும் எழுந்து ஒரு நிமிடம் கைதட்டியது. அவருடைய சட்டை எண் இருபத்தொன்று. அப்போது நடந்ததை இப்படி எழுதினேன்: "மேளம் அடித்த பெண்மணி கையை உயர்த்திச் சைகை காட்ட, வடக்குக் கேலரியினர் அனைவரும் ஆடுகளத்துக்கு முதுகைக் காட்டிக் கைகோத்து நின்றனர். அஞ்சலி முடிந்த பின்னும் திரும்பவில்லை. மொத்தம் நான்கு நிமிடம் ஒன்பது விநாடி. இடையில் அப்பெண்மணி வேலிக் கதவைக் குச்சியால் பலமுறை அடித்தார்."

மூன்றாவது. மே முதல் தேதி ஒழுங்கு நடவடிக்கைக் குழு கூடுகிறது. ஜூனில் உங்கள் ஊரில் நடக்கும் மறு ஆட்டத்தை, ரசிகர் ஒருவரும் இல்லாமல், கதவைப் பூட்டி நடத்தச் சொல்வார்கள் என்று பேச்சு. மேளக்காரப் பெண்மணிக்கு ஆயுள் முழுவதும் மைதானத்துக்குள் நுழையத் தடை.

நான்காவது. ஒரு பக்கத்தில் வருத்தம் தெரிவித்து எழுதிக் கையெழுத்திட்டு அனுப்பு. ஆயுள் தடை ஓராண்டாகக் குறையலாம்.

ஐந்தாவதற்கு விளக்கம் தேவையில்லை. அண்ணனாகவும் எழுதவில்லை, எதிரி நாட்டுக்காரனாகவும் எழுதவில்லை. உண்மையைச் சொன்னால், உன்னைப் பார்த்துவிட்டதால் ஒவ்வொரு வரியையும் இரண்டு முறை சரிபார்த்தேன். எங்காவது இளகிவிட்டேனோ என்றுதான்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்


ஏப்ரல் 11

அண்ணா,

உன்னோட அஞ்சு விஷயமும் வந்து சேர்ந்துது. நான் பேசுற மாதிரிதான் எழுதுவேன். சின்ன வயசுல என் நோட்டுல சிவப்புப் பென்சிலால கோடு போட்டியே, இதுலயும் போடணும்னா போட்டுக்கோ.

எனக்குக் கல்யாணம் ஆகி இந்த நாட்டுக்கு வந்தப்ப நம்பர் போட்டுக் கடிதம் எழுதினே. என் வீட்டுக்காரர் செத்தப்ப, வராம, நம்பர் போட்டுக் கடிதம் எழுதினே. மூணாவது நம்பர், "தைரியமாக இரு". இப்ப பதினோரு வருஷம் கழிச்சு இது. பைனாகுலர் வழியா என்னைப் பார்த்தியாம். நடந்து வந்து பார்க்க எத்தனை அடி அண்ணா? நீதான் அளக்கிறவனாச்சே, சொல்லு.

இப்ப நான் சொல்றேன், நம்பர் இல்லாம.

எங்க கூட்டத்துல ஒரு பேக்கரிக்காரர் உண்டு. எல்லாரும் "மாவு"ன்னுதான் கூப்பிடுவோம். சர்க்கரை வியாதி. பஸ் லேட்டானதுல ஒண்ணும் சாப்பிடல. படிக்கட்டுல நின்னுட்டிருந்தவர் அப்படியே சரிஞ்சுட்டார். மேல வரிசையிலேர்ந்து தள்ளு வருது. உன் மாப்பிள்ளை எப்படிப் போனார்னு உனக்கு ஞாபகம் இருக்கா? கூட்டத்துல விழுந்தார்னு மட்டும் தெரிஞ்சிருக்கும். அதுக்கு மேலே நான் சொன்னதில்ல, நீயும் கேட்டதில்ல. இதே மாதிரி படிக்கட்டுலதான் விழுந்தார். முன்னாடி இருந்தவங்க பாடிக்கிட்டு இருந்தாங்க, பின்னாடி இருந்தவங்க தள்ளிக்கிட்டு இருந்தாங்க. ஆறு நிமிஷம் யாருக்கும் தெரியாது. முன் வரிசையில எல்லாரையும் விடச் சத்தமாப் பாடினது யாரு தெரியுமா? நான்தான்.

அதுக்கப்புறம்தான் மேளத்தைக் கையில எடுத்தேன். ஒரு வழி கண்டுபிடிச்சோம். பேரு "சுவர்". யாராவது விழுந்தா மேளம் நிக்கும். மேளம் நின்னா, பந்து கோலுக்குள்ள போய்க்கிட்டு இருந்தாலும் சரி, அத்தனை பேரும் மேல்பக்கம் திரும்பணும், கையைக் கோக்கணும், மேலேர்ந்து வர்ற தள்ளலை நெஞ்சால தாங்கணும். விழுந்தவருக்கு மூச்சு விட இடம். பத்து வருஷமா எங்க கேலரியில ஒரு உயிர் போகல.

அன்னிக்கு முதுகுக்குப் பின்னாடி கைதட்டல் கேட்டுது. சத்தியமா, உங்காளுங்க கோல் போட்டுட்டாங்கன்னு நெனச்சேன். அஞ்சலின்னு பஸ்ல திரும்பி வர்றப்பதான் தெரியும். அந்த கோல்கீப்பர் எங்க பெனால்ட்டியை எத்தனை தடுத்திருக்கான், அவனைத் திட்டித் திட்டியே எனக்குத் தொண்டை போச்சு. அவனுக்குத் தட்டாம இருப்பேனா?

மாவை வெளிய தூக்கிட்டுப் போக வேலிக் கதவைத் திறன்னு, காவலுக்கு நின்ன மஞ்சள் சட்டைக்காரன்கிட்ட கத்தினேன். "முதல்ல திரும்பி நின்னு மரியாதை பண்ணுங்க, அப்புறம் திறக்கிறேன்"னான். அதான் அடிச்சேன். மறுபடி அடிப்பேன்.

எங்க முதுகுல வந்து விழுந்த பாட்டிலை எண்ணினியா? அதுக்கு விநாடி போட்டியா?

வருத்தம் தெரிவிக்க மாட்டேன். பூட்டட்டும்.

தங்கை


ஏப்ரல் 17

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். கோடு எதுவும் போடவில்லை.

பாட்டில்கள் பதினேழு. அறிக்கைப் படிவத்தின் ஆறாம் பெட்டியில் இருக்கிறது. ஆனால் அந்தப் பக்கத்தை யாரும் படித்ததாகத் தெரியவில்லை.

என் குறிப்பேட்டை எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு கேலரியையும் கட்டமாக வரைந்து, நேரத்தோடு குறித்து வைப்பது என் பழக்கம். ஆட்டக் கடிகாரத்தின் நிமிடமும் விநாடியுமாக: 20:38, மேளம் நின்றது. 20:41, திரும்பினார்கள். 20:55, ஒலிபெருக்கியில் அஞ்சலி அறிவிப்பு. அதாவது அறிவிப்புக்குப் பதினேழு விநாடி முன்பே உன் மேளம் நின்றிருக்கிறது. அதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. வடக்குக் கேலரிக் கட்டத்தின் நடுவில், ஒன்பதாம் படிக்கு அருகே, பென்சிலால் ஒரு வட்டம் போட்டிருக்கிறேன். பக்கத்தில் என் கையெழுத்து: "ஆள் இல்லாத இடம், சுமார் மூன்று கை அகலம். ஒரு செருப்பின் அடிப்பக்கம் தெரிகிறது."

நான் பார்த்திருக்கிறேன். பார்த்து, வரைந்து, அகலமும் எழுதியிருக்கிறேன். பிறகு அதை அறிக்கையில் சேர்க்கவில்லை. ஏனென்றால் படிவத்தில் பதினான்கு பெட்டிகள்தான். கோஷம், சைகை, எறிந்த பொருள், வேலி, தீ, எல்லாவற்றுக்கும் இடம் உண்டு. காலியாக இருந்த இடத்துக்குப் பெட்டி இல்லை.

நேற்றுச் சங்க அலுவலகத்துக்குப் போனேன். மூன்றாம் மாடி. செயலாளர் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"வாங்க பெரியவரே. உங்க அறிக்கை மாதிரி சுத்தமான அறிக்கை இந்த ஆபீசுக்கு வந்ததே இல்ல. படிச்சா ரத்தம் கொதிக்குது."

"அதுல ஒரு பின்னிணைப்பு சேர்க்கணுங்க."

"என்னத்துக்கு?"

"ஒரு வட்டம் விட்டுப்போச்சு."

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "வட்டமா? நாடே பொங்கிப் போய்க் கெடக்கு, நீங்க வட்டம் போடுறீங்க. ஏன் திடீர்னு? அந்த மேளக்காரம்மா உங்களுக்கு வேண்டியவங்களா?"

நான் சொன்ன பதிலை உனக்கு எழுதாமல் விட்டுவிடலாம் என்று நேற்றிரவு முழுவதும் யோசித்தேன். "இல்லைங்க" என்றேன்.

படியிறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். என்னால் எங்கும் எழுந்து நின்று பேச முடிந்ததில்லை. ஆகவே ஒரு நடுவழி யோசித்தேன். நீ வருத்தம் என்ற சொல் இல்லாமல், நடந்ததை மட்டும் எழுதி, "தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டிருந்தால் பொறுத்தருளவும்" என்று முடித்து அனுப்பினால் என்ன? வரைவு இணைத்திருக்கிறேன். கையெழுத்திட்டால் போதும்.

அண்ணன்


ஏப்ரல் 22

அண்ணா,

உன் வரைவைக் கத்தரிச்சு, என்கிட்ட தைக்கக் குடுத்த ஒரு நர்சோட கோட்டுக்கு அளவெடுக்குற காகிதமாப் போட்டுட்டேன். நல்ல தாளு.

அந்த நர்ஸ்தான் அன்னிக்கு மாவு பக்கத்துல உக்காந்து, குளுக்கோஸைக் குழைச்சு உள்கன்னத்துல தடவினவ. அவர் கண்ணைத் தொறந்து முதல்ல கேட்டது என்ன தெரியுமா? "ஸ்கோர் என்ன?" ஒரு கோல் நாங்க வாங்கியிருந்தோம். மனுஷனை இப்பதான் எழுப்பியிருக்கோம், எதுக்கு மறுபடி சாய்க்கணும்னு, "சமம்"னு சொல்லிட்டோம்.

அவர் எழுதிக் கொடுத்திருக்கார். நர்சும் எழுதிக் கொடுத்திருக்கா. எங்க சங்கத்துக்காரங்க அதை வாங்கி வச்சுக்கிட்டு உதட்டைப் பிதுக்குறாங்க. "எல்லாம் நம்மாளுங்க எழுதினது. அந்தப் பக்கத்து ஆள் ஒருத்தன் சொன்னாத்தான் எடுபடும்"ங்கிறாங்க. அந்தப் பக்கத்து ஆள் யாரு? நீதான்.

"இல்லைங்க"ன்னு சொன்னியா? சரி. அதைப் படிச்சுட்டு ரெண்டு மணி நேரம் தையல் மெஷினை மிதிச்சேன், எதைத் தைக்கிறேன்னு தெரியாம. அப்புறம் பார்த்தா ஒரு சட்டைக்கு மூணு கை.

கோவத்துல எழுதல. நீ என்னைத் தங்கைன்னு சொல்ல வேண்டாம். எனக்கு அது தேவையில்ல. நீ போட்ட வட்டத்தைக் காட்டு, அது போதும். என்னை உள்ள விடாட்டிப் போகட்டும். ஆனா கேலரியைப் பூட்டினாங்கன்னா சுவர் கட்டினது குத்தம்னு ஆயிடும். அடுத்த தடவை ஒருத்தர் விழுவார். மேளத்தை நிறுத்தலாமா, கெட்ட பேர் வருமோன்னு எவளோ ஒருத்தி ஒரு நிமிஷம் யோசிப்பா. அந்த ஒரு நிமிஷம்தான் அண்ணா விஷயமே. என் தடை இல்ல.

பொறுத்தருளவுமாம். யாரு, யாரைப் பொறுக்கிறது?

தங்கை


மே 3

அன்புள்ள தங்கைக்கு,

முந்தாநாள் விசாரணை நடந்தது. நடந்தபடியே எழுதுகிறேன்.

நீள மேஜை, கண்ணாடி விரிப்பு, ஆறு நாற்காலிகள். தலைவி வேறு நாட்டைச் சேர்ந்த ஓய்வு பெற்ற நீதிபதி. எங்கள் செயலாளர் ஒரு பக்கம், உங்கள் சங்கத்துப் பிரதிநிதி மறுபக்கம். நான் சுவரோரம். கண்காணிப்பாளர்கள் கேட்டால் மட்டும் பேச வேண்டும் என்பது விதி. செயலாளர் என் அறிக்கையை உரக்கப் படித்தார். அவர் குரலில் அது இன்னும் நன்றாக இருந்தது. அதுதான் பயமாக இருந்தது.

படித்து முடித்துக் கோப்பை மூடினார். யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. நான் எழுந்து நின்றேன். எழுந்த பிறகுதான் எழுந்துவிட்டேன் என்று தெரிந்தது.

"உட்காருங்க பெரியவரே," என்றார் செயலாளர்.

"அறிக்கையில ஒண்ணு விட்டுப்போச்சுங்க," என்றேன்.

"அதான் அன்னிக்கே பேசியாச்சே. உட்காருங்க."

மேஜை வரை நடந்தேன். மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். "உட்கார மாட்டேங்க," என்றேன். இதை என் வாயால் நான் சொன்னேன் என்று எழுதும்போது எனக்கே சந்தேகமாக இருக்கிறது. ஆனால் கூட்டக் குறிப்பில் பதிவாகியிருக்கிறது.

குறிப்பேட்டைத் தலைவியின் முன் விரித்தேன். வட்டத்தையும் செருப்பையும் பதினேழு விநாடியையும் காட்டினேன். செயலாளர் எட்டிப் பார்த்துச் சிரித்தார். "நேத்து ராத்திரி உக்காந்து வரைஞ்சிருப்பார்."

"அந்தப் பக்கத்துல முத்திரை இருக்குங்க," என்றேன். "ஆட்டம் முடிஞ்ச பத்தாவது நிமிஷம் எல்லாக் குறிப்பேட்டையும் வாங்கி, பக்கத்துக்குப் பக்கம் முத்திரை குத்திக் கொடுப்பீங்க. வட்டத்துக் கோட்டு மேலேயே விழுந்திருக்கு பாருங்க. கையெழுத்து உங்களோடது."

செயலாளர் வேறு வழியில் வந்தார். "நம்ம பையனுக்கு அஞ்சலி செலுத்துற நேரத்துல முதுகைக் காட்டியிருக்காங்க. நீங்க இந்த நாட்டுச் சோறுதானே சாப்பிடுறீங்க?"

"அவருக்காக நானும் எழுந்துதான் நின்னேன். ஒரு ஆள் செத்ததுக்கு மரியாதை பண்ணினோம். அதே நேரத்துல எதிர்க் கேலரியில ஒரு ஆள் சாகாமப் பார்த்துக்கிட்டாங்க. இதுல எது மரியாதைக் குறைவுன்னு எனக்குத் தெரியலீங்க. வேலிக் கதவைத் திறக்காம இருந்தது நம்மாளு. அதுக்கும் படிவத்துல பெட்டி இல்ல."

தலைவி கண்ணாடியைக் கழற்றினார். "அறிக்கையில அவமதிப்புங்கிற தோரணையில எழுதியிருக்கீங்க. இப்ப இப்படிச் சொல்றீங்க. இதுல எது பொய்?"

"ரெண்டும் பொய் இல்லைங்கம்மா. முதல்ல பார்த்ததுல பாதியை எழுதினேன்."

"ஏன் பாதி?"

அந்த இடத்தில் நிறுத்தியிருக்கலாம். பெட்டி இல்லை என்று மட்டும் சொல்லியிருந்தால் போதும். நீயும் அதைத்தான் கேட்டிருந்தாய். ஆனால் நான், "மேளம் அடிச்சவங்க என் தங்கைங்க," என்றேன். "அவளுக்குச் சாதகமா எழுதிட்டேன்னு யாரும் சொல்லிடக் கூடாதுன்னு பயந்து, பாதகமா எழுதிட்டேன். போன மாசம் இவர் கேட்டப்ப வேண்டியவங்க இல்லைன்னும் சொன்னேன். அது மட்டும் பொய்ங்க."

செயலாளர் மேஜையைத் தட்டினார். உங்கள் பிரதிநிதி கூட என்னைச் சந்தேகமாகத்தான் பார்த்தார். தங்கை என்று சொன்னதால் உன் தரப்பையே கெடுத்துவிட்டேனோ என்று அப்போது தோன்றியது. இப்போதும் தோன்றுகிறது. தலைவி மட்டும் முத்திரையையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே வரும்போது கழுத்து அட்டையைக் கேட்டார்கள். கழற்றிக் கொடுத்தேன். "வேணும்னா மடக்கு நாற்காலியை வச்சுக்கோங்க," என்றார் செயலாளர். "அது என்னோடதுதாங்க," என்றேன்.

தீர்ப்பு உங்களுக்கு நேரடியாக வரும்.

அண்ணன்


மே 9

அண்ணா,

தீர்ப்பு வந்துடுச்சு. ஆட்டம் திறந்த கதவோடதான். சுவரைப் பத்தி ஒரு பத்தி முழுக்க எழுதியிருக்காங்க. உன் வட்டத்தைப் படமாவே பின்னாடி சேர்த்திருக்காங்க, செருப்போட. மாவு அதை நகல் எடுத்துப் பேக்கரியில ஒட்டியிருக்கார். வர்றவங்க போறவங்ககிட்டல்லாம், "இந்தச் செருப்பு நான்தான்"ங்கிறார்.

எனக்கு ஆயுள் தடை இல்ல. கதவை அடிச்சதுக்கும், மஞ்சள் சட்டைக்காரன் சொன்னதைக் கேக்காததுக்கும் ஒரே ஒரு ஆட்டம் தடை. அது எந்த ஆட்டம்னு நெனச்சே? இந்த ஜூன் ஆட்டமேதான். என் சொந்த ஊர்ல, என் சொந்த மைதானத்துல, உங்காளுங்களை நாங்க நொறுக்கப்போற ஆட்டம்.

மேல்முறையீடு பண்ணலாம்னாங்க. கதவை அடிச்சேன், அடிச்சேன்னுதானே சொல்லணும்? மாட்டேன்னுட்டேன். உள்ளதான் விடக் கூடாது. தெரு எல்லாருக்கும் பொது. தெற்குக் கதவுக்கு வெளியில நின்னு தொண்ணூறு நிமிஷமும் அடிப்பேன். மேளத்துக்கு உள்ளே வெளியேன்னு ஏது? உள்ள மேளம் இல்லாம சுவர் எப்படின்னு கேக்காதே, நர்ஸ் கையில இன்னொரு மேளம் குடுத்தாச்சு. என்னை மாதிரி வராது, ஆனா நிறுத்துறதுக்குத் தாளம் தெரிய வேண்டியதில்லியே.

தங்கைன்னு சொல்ல வேண்டாம்னுதானே எழுதினேன்? எழுதின பேச்சை நீ என்னிக்குக் கேட்டே.

அட்டையைப் பிடுங்கிட்டாங்களாமே. நல்லது. இனி உன்னால கைதட்டவாவது முடியும்.

ஜூன் 12. பஸ் நிலையத்துலேர்ந்து மைதானம் நடக்கிற தூரம்தான். வா.

தங்கை


மே 15

அன்புள்ள தங்கைக்கு,

டிக்கெட் எடுத்துவிட்டேன். விருந்தாளிகளின் கேலரி, பதினான்காம் வரிசை. பைனாகுலர் கொண்டுவர மாட்டேன். ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்: நான் எங்கள் அணிக்காகத்தான் கத்துவேன். உன் மேளத்துக்காகக் கட்சி மாற மாட்டேன். கத்திப் பழக்கமில்லாததால் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு பயிற்சி செய்து பார்த்தேன். அடுத்த வீட்டுக்காரர் வந்து, "உடம்புக்கு ஏதாச்சும் பண்ணுதா?" என்று கேட்டார். "இல்லைங்க, ஜூன்ல மேட்ச்," என்றேன்.

சங்கத்துக்கும் ஒரு கடிதம் போட்டிருக்கிறேன். படிவத்தில் பதினைந்தாவதாக ஒரு பெட்டி வேண்டும் என்று: "புரியாதது எதையாவது கண்டீர்களா? நேரில் போய்க் கேட்டீர்களா?" பதில் வராது. வரும்வரை மாதம் ஒன்று போடுவேன்.

தெற்குக் கதவு வழியாகத்தான் வருவேன். எங்கள் கதவு வடக்கில் என்று டிக்கெட்டில் போட்டிருக்கிறது, சுற்றி வருகிறேன். உன் கேள்விக்கும் பதில் வைத்திருக்கிறேன். அன்று என் நாற்காலியிலிருந்து உன் வேலிக் கதவு வரை இருநூற்றுப் பத்து அடி. சென்ற வாரம் அனுமதி கேட்டு உள்ளே போய், நடந்து எண்ணினேன். மூன்று நிமிடம்கூட ஆகவில்லை.

நடந்துகொண்டிருக்கும்போதுதான் ஒன்று உறைத்தது. பன்னிரண்டு ஆண்டுகளில் எத்தனையோ கேலரிகளில் எத்தனையோ புரியாத காரியங்களைப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் இடைவேளையில் எழுந்து போய், வேலியோரம் நின்று, "என்னங்க ஆச்சு?" என்று கேட்டுவிட்டுத்தான் எழுதியிருக்கிறேன். பயந்த சுபாவம்தான், ஆனாலும் கேட்டுவிடுவேன். ஒரே ஒரு முறைதான் நாற்காலியை விட்டு எழவில்லை. அந்தக் கேலரியில் நீ இருந்தாய்.

முதல் கடிதத்தில் ஐந்தாவதாக, வேறு யார் இருந்திருந்தாலும் இதையேதான் என்று எழுதியது தவறு.

அண்ணன்